கங்காரு தோல் இல்லாத பூமா கிங் எப்படி இருக்கிறது?

பூமா கிங் அல்டிமேட் பூட்ஸ் வாங்கி ஒரு சீசன் முழுக்கப் போட்டு விளையாடியாயிற்று. மழையில் ஊறிய புல்லிலும் ஆடினேன், கோடையில் காய்ந்து இறுகிப்போன மைதானத்திலும் ஆடினேன். பூட்ஸ் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு: கங்காரு தோல் இல்லாமல் ஒரு தரமான ஃபுட்பால் பூட்ஸ் செய்யவே முடியாது என்று இத்தனை வருடமாக நம்மிடம் சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்பதை இது காட்டிவிட்டது.

கிங் என்பது பெலேயும் மரடோனாவும் போட்ட பூட்ஸ். பல வருடங்கள் அது கங்காரு தோலில்தான் வந்தது. 2023இல் பூமா அதைக் கைவிட்டு, கே-பெட்டர் என்ற செயற்கைப் பொருளுக்கு மாறியது. பழைய தோலைவிடத் தொடுகை, சௌகரியம், உழைப்பு மூன்றிலும் இது மேல் என்று அவர்களுடைய சோதனையில் வந்ததாம். விளம்பரம் அப்படித்தான் சொல்லும், சரி. என் காலுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வரும் பந்தை நிறுத்தும்போது அந்த மென்மை இருக்கிறது, காலுக்கும் பந்துக்கும் நடுவில் தடித்த எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. மழை நாளில் தோல் பூட்ஸ் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், பிறகு செய்தித்தாள் திணித்துக் காயவைத்து, கிரீம் தடவி, அது ஒரு தனி வேலை. இதை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தோலுக்கு ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்: போடப் போட அது நம் பாதத்தின் வடிவத்துக்கு இளகிக் கொடுக்கும், செயற்கைப் பொருள் எதுவும் அந்த அளவுக்குக் கொடுக்காது.

கங்காரு தோலை ஏன் இவ்வளவு கொண்டாடினார்கள் என்றால், அதன் இழைகள் மேற்பரப்புக்கு இணையாக ஒரே சீராக ஓடுகின்றன, அதனால் மெல்லிசாகச் சீவினாலும் எளிதில் கிழியாது. இதை எல்லா பூட்ஸ் ரிவ்யூவிலும் எழுதுவார்கள். அந்தத் தோல் எப்படி வருகிறது என்பதை எழுத மாட்டார்கள்.

இந்தத் தோலுக்காகக் கங்காருவை யாரும் பண்ணையில் வளர்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களின் உள்நாட்டுப் பகுதிகளில், உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் இரவில் வண்டியில் போய் ஸ்பாட்லைட் அடித்து, வெளிச்சத்தில் திகைத்து நிற்கும் காட்டு விலங்கைச் சுடுகிறார்கள். வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கொல்லப்படுகின்றன. ஒரே குண்டில் மூளையில் பட்டு உடனே சாக வேண்டும் என்பது விதி. இருட்டில், தூரத்தில், அசையும் தலையில், ஒவ்வொரு முறையும் அப்படிப் படுமா? சரியாகப் பட்டதா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றக் குழு 2021இல் இதை விசாரித்தபோது, சுடும் இடத்தில் போதிய கண்காணிப்பு இல்லை என்றே பதிவுசெய்தது. சோதனை பெரும்பாலும் குளிர்கிடங்குக்கு வந்து சேர்ந்த உடல்களின் மீதுதான் நடக்கிறது, காயத்தோடு தப்பி ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகிற விலங்கு எந்தக் கணக்கிலும் வராது.

குட்டிகள் விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. தாயைச் சுட்டால் பையில் இருக்கும் குட்டியையும் கொல்ல வேண்டும், ரோமம் முளைத்த குட்டி என்றால் தலையில் ஓங்கி அடித்து. இது ஏதோ ஒரு கொடூரமான ஆள் செய்கிற காரியம் இல்லை, அதிகாரபூர்வ நெறிமுறையே அப்படித்தான் செய்யச் சொல்கிறது. பையை விட்டு வெளியே வந்து, இன்னும் பால் குடித்துக்கொண்டு தாயின் பக்கத்திலேயே திரிகிற குட்டி வெடிச்சத்தத்தில் இருட்டுக்குள் ஓடிவிடும், பிறகு பசியிலோ நரியின் வாயிலோ முடியும். இப்போதெல்லாம் பெரும்பாலும் ஆண் கங்காருகளைத்தான் சுடுகிறோம் என்று தொழில் தரப்பில் சொல்கிறார்கள், பெண்களின் பங்கு குறைந்திருப்பதும் உண்மைதான். ஆனால் பெண்ணைச் சுடக்கூடாது என்று அந்த நெறிமுறை சொல்லவில்லையே.

எங்கள் அணியில் ஒருவர் விவசாயக் குடும்பம். கங்காரு மேய்ச்சலை அழிக்கிறது, தொழில்முறை ஆட்களை நிறுத்தினால் பழக்கமில்லாதவர்கள் கண்டபடி சுட்டு இன்னும் மோசமாகும் என்பது அவர் வாதம். இரண்டாவது பாதியை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், அது நியாயமான கவலை. ஆனால் அதற்கு மருந்து, கங்காருவைச் சுட விவசாயிகளுக்குத் தனியாகக் கொடுக்கும் அனுமதிகளை இறுக்குவது, வேலிக்கும் வேறு வழிகளுக்கும் அரசு பணம் கொடுப்பது. என் கால் பூட்ஸுக்காக ஒரு சந்தையை நடத்துவது எப்படி மருந்தாகும்?

வாங்குகிறவர்கள் கையில் நிறைய இருக்கிறது என்பதற்குச் சான்று கண்முன்னே இருக்கிறது. கலிபோர்னியாவில் கங்காரு பொருட்களின் விற்பனைத் தடை 2016இல் மீண்டும் அமலுக்கு வந்தது. 2023இல் பூமாவோடு நைக்கியும் விலகுவதாக அறிவித்தது. அடிடாஸ் 2024லேயே கங்காரு தோல் வாங்குவதை நிறுத்திவிட்டதாக 2025இல் சொன்னது. கோபா முண்டியல் என்ற கங்காரு தோல் பூட்ஸை 1979 முதல் விற்றுவந்த நிறுவனம் அது, அவர்களே விட்டுவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் பழைய சரக்கு கடைகளில் கிடக்கலாம், தள்ளுபடியில் கண்ணை இழுக்கும். பெட்டியிலோ, பூட்ஸின் நாக்குப் பகுதியிலோ கே-லெதர் என்று போட்டிருந்தால் அது கங்காரு தோல், வாங்காதீர்கள். கே-பெட்டர் என்றால் செயற்கை, பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பார்த்து எடுங்கள். பைக் ஓட்டுபவர்கள் ரேஸிங் சூட், கையுறைகளிலும் இதைப் பாருங்கள். நாய் வளர்ப்பவர்கள் தீனிப் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள், சுட்டுக் கொன்ற கங்காருவின் இறைச்சி நிறைய அங்கேதான் போகிறது.

அளவு விஷயத்தில் ஒன்று: பாதம் அகலமானவர்கள் ஆன்லைனில் ஆர்டர் போடாமல், விளையாடும்போது போடுகிற அதே காலுறையோடு கடைக்குப் போய்ப் போட்டு, கொஞ்சம் ஓடிப் பார்த்து எடுங்கள். பிறகு இளகும் என்று நம்பி இறுக்கமாக எடுத்துவிடாதீர்கள்.