லேபர் கான்ட்ராக்டா, மொத்த கான்ட்ராக்டா?

எங்கள் வீட்டைப் பொருளோடு சேர்த்து மொத்த கான்ட்ராக்டில் விட்டுத்தான் கட்டினோம். ஏறக்குறைய அதே சமயத்தில் என் மச்சான் லேபர் கான்ட்ராக்டில், அதாவது கூலியை மட்டும் பேசி, பொருளைத் தானே வாங்கிக் கொடுத்துக் கட்டினார். இரண்டையும் கிட்டத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆபீசுக்குப் போய்க்கொண்டே வீடு கட்டுகிறவர்களுக்கு மொத்த கான்ட்ராக்ட்தான் சரி.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லேபரில் சிமென்ட் முதல் டைல்ஸ் வரை நீங்களே பார்த்து வாங்கலாம். மொத்தத்தில் கான்ட்ராக்டரின் லாபமும் சதுர அடி ரேட்டுக்குள் இருக்கும். ஜிஎஸ்டியிலும் வித்தியாசம் உண்டு. தனி வீட்டுக்கு வெறும் கூலி வேலை என்றால் வரிவிலக்கு. பதிவு பெற்ற கான்ட்ராக்டர் பொருளோடு எடுத்தால் 18 சதவீதம். அதற்காக 18 சதவீதமும் மிச்சம் என்று நினைக்க வேண்டாம், நீங்கள் கடையில் வாங்கும் கம்பியிலும் சிமென்டிலும் வரி இருக்கிறது. எப்படியும் பேப்பரில் கணக்குப் போட்டால் லேபர்தான் குறைவாக வரும். அதில் எனக்கு வாக்குவாதம் இல்லை.

பேப்பரில் வராத ஒரு செலவு இருக்கிறது. யார் யாரை எப்போது வரச்சொல்வது என்ற வேலை.

ரூஃப் கான்கிரீட் போடும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சென்ட்ரிங் ஆட்கள் முட்டுக் கொடுத்து, ஷீட் அடித்து முடித்திருக்க வேண்டும். கம்பி கட்டுகிறவர், கம்பி ஷீட்டில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்கை அடியில் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். அடுத்து எலக்ட்ரீசியன் வந்து பைப் ஓட்டி ஃபேன் பாக்ஸ் வைக்க வேண்டும். பாத்ரூம் பைப் இறங்கும் இடத்தில் பிளம்பர் ஓட்டைக்கு வழி விட வேண்டும். இன்ஜினியர் வந்து கம்பியைப் பார்க்க வேண்டும். எம்சாண்ட், ஜல்லி, சிமென்ட் முந்தின நாளே இறங்கியிருக்க வேண்டும். கலவை மெஷினும் வைப்ரேட்டரும் வாடகைக்குச் சொல்லியாக வேண்டும். இதில் எலக்ட்ரீசியன் ஒருவர் "நாளைக்கு வர்றேன் சார்" என்று சொன்னால் போதும், மொத்தமும் நிற்கும். அவர் வராமலே கான்கிரீட் போட்டுவிட்டால் அதைவிட மோசம், ஃபேன் மாட்ட ரூஃபைக் கொத்த வேண்டியதுதான்.

லேபர் கான்ட்ராக்ட் எடுக்கும் மேஸ்திரியின் பேச்சில் பெரும்பாலும் எலக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர், பெயின்டர் வர மாட்டார்கள். ஆளுக்கொரு தனிக் கணக்கு. அத்தனை பேருக்கும் போன் போடும் ஆள் நீங்கள்தான். ஜல்லி வர ஒரு வாரம் தாமதமானால் மேஸ்திரி சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். அவருக்கும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், வேறு சைட்டுக்குப் போய்விடுவார். ஜல்லி வந்த பிறகு அவர் வர மாட்டார். மச்சான் வீட்டில் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்) மட்டத்தில் இப்படித்தான் வேலை நின்றது. நடுவில் தீபாவளி வேறு வந்து, ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

நிற்கும் மாதத்துக்கு ஒரு விலை போட்டுப் பாருங்கள். வீட்டு வாடகை 15,000. வாங்கிய கடன் 30 லட்சம், வட்டி 8.5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 21,250. மூன்று மாதம் இழுத்தால் 1,08,750 ரூபாய். 1,500 சதுர அடி வீட்டுக்கு அது சதுர அடிக்கு 72 ரூபாய் 50 காசு. ரேட்டை ஒப்பிடும்போது இந்த 72 ரூபாயை யாரும் லேபர் பக்கம் எழுதுவதில்லை. நீங்கள் போட்ட லீவையும், மேனேஜரிடம் வாங்கிய பேச்சையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மொத்த கான்ட்ராக்டில் ஏமாறும் இடங்கள் வேறு. முதலாவது, சதுர அடி ரேட்டுக்குள் என்னென்ன வரும் என்பது. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர், இபி கனெக்‌ஷன் எல்லாம் பல சமயம் வெளியே நிற்கும். போர்டிகோவையும் பால்கனியையும் முழுசாக அளப்பார்களா, பாதியாகவா என்று எழுதி வாங்கிவிடுங்கள். டைல்ஸ் "நல்ல கம்பெனி" என்று எழுதினால் பிரயோஜனமில்லை, சதுர அடிக்கு இத்தனை ரூபாய் வரை என்று இருக்க வேண்டும்.

இரண்டாவது பணம். கான்ட்ராக்டர் நீட்டும் அக்ரிமென்டில் பணம் வேலைக்கு முன்னால் ஓடும்; பூச்சு தொடங்குவதற்குள் முக்கால்வாசி போயிருக்கும். அதற்கப்புறம் அவருக்கு உங்கள் சைட்மேல் என்ன அக்கறை? நாங்கள் கட்டங்களைச் சின்னச் சின்னதாக உடைத்தோம், ஒவ்வொன்றும் முடிந்த பிறகே பணம் என்று மாற்றினோம், கடைசியில் கொஞ்சம் நிறுத்தி வைத்தோம். "மெட்டீரியல் எடுக்கணுமே சார்" என்று முனகினார். அதற்கென்று ஒரு சின்ன அட்வான்ஸில் சமாதானமானார்.

மூன்றாவது எக்ஸ்ட்ரா. டைனிங்கில் ஒரு வாஷ்பேசின், கிச்சனில் இன்னொரு லாஃப்ட் என்று வீட்டில் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். சைட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, கேட்ட அன்றே வேலையையும் விலையையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் செங்கல் வைக்க விட்டோம். விலையைப் பார்த்ததும் பாதி ஆசைகள் தானாகவே வாபஸ் ஆயின.

தரம்தான் மொத்தத்தின் பலவீனம், மறைக்க வேண்டியதில்லை. சென்ட்ரிங் சாமானுக்கு வாடகை ஓடுவதால் சீக்கிரம் பிரிக்கப் பார்ப்பார்கள். தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையான ரூஃப் ஸ்லாபுக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. போட்ட கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டு நனைப்பதற்கும் அதில் கணக்கு உண்டு: சாதா ஓபிசி சிமென்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி என்றால் 10, வறண்ட வெயில் காலத்தில் பிபிசிக்கு 14. கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியருக்கு ஃபீஸ் கொடுத்து, அஸ்திவாரக் கம்பிக்கும் ஒவ்வொரு ரூஃபுக்கும் முன்னால் வந்து பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் விடுவதை மட்டும் எந்த கான்ட்ராக்டானாலும் வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

லேபர் யாருக்குப் பொருந்தும்? ரிட்டயர்டான அப்பா தினமும் சைட்டில் உட்காருவார், மேஸ்திரி சொந்தக்காரர் என்றால் தாராளமாகப் போகலாம். பணம் சிட்டு, நகை என்று துண்டு துண்டாக வருகிறவர்களுக்கும் அதுதான் வழி; லிண்டலோடு நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்துத் தொடர மொத்த கான்ட்ராக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். ரூஃப் வரை மொத்தமாகவும் மர வேலை, பெயின்டிங்கைத் தனியாகவும் பிரித்துக் கொடுத்த வீடு ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன். நன்றாகவே வந்தது, ஆனால் ஒரு வீட்டை வைத்து உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன்.

கான்ட்ராக்டரைப் பிடிக்கும்போது, முடித்துக் கொடுத்த வீட்டைத்தான் காட்டக் கூட்டிப்போவார். நடந்துகொண்டிருக்கும் சைட் எங்கே என்று கேளுங்கள். சொல்லாமல் ஒரு சாயங்காலம் போய், சிமென்ட் மூட்டை பலகைமேல் இருக்கிறதா, கட்டின சுவர் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அந்த வீட்டுக்காரர் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள்.