அக்கா மகனின் காறை எலும்பும் அடுக்கம்பாறையும்

டொராண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் குடியாத்தம் வந்திருந்தேன். வந்த இரண்டாம் நாளே, பள்ளிகொண்டா பக்கம் வண்டியில் வந்த அக்கா மகன், குறுக்கே ஓடிய நாய்க்காகப் பிரேக் பிடித்து இடது தோள் அடிபட விழுந்துவிட்டான். நல்லவேளை, ஹெல்மெட் போட்டிருந்தான். நான் போனபோது வலது கையால் இடது கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் காறை எலும்பு முறிந்திருந்தது. உடனே, "பிளேட் வைக்கணும், நாளைக்கே ஆபரேஷன்" என்றார்கள். பையனின் தோளை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. பெரியப்பாவோ நாட்டு வைத்தியர் போடும் புத்தூர் கட்டு போதும் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம்.

நல்ல கூட்டம். ஆனாலும் அந்த டாக்டரம்மா அவசரப்படவில்லை. தொண்டைக் குழியிலிருந்து தோள்முனை வரை எலும்பின் மேலேயே விரலை மெல்ல நகர்த்தினார். தோல் கூடாரம்போல் தூக்கி, வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். மணிக்கட்டில் நாடி பிடித்தார். விரல்களை விரிக்கச் சொன்னார். விழுந்த வேகத்தில் நுரையீரலுக்கு அடி பட்டிருக்கலாம் என்று மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். அதற்கப்புறம்தான் எக்ஸ்ரே: நேராக ஒன்று, கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து ஒன்று.

முறிவு நடுப்பகுதியில்; காறை எலும்பு பெரும்பாலும் அங்கேதான் முறியுமாம். முனைகள் அதிகம் விலகவில்லை. "எலும்பு ரெண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் குறுகியிருந்தாலோ தோலைக் கிழிச்சிருந்தாலோ ஆபரேஷன் யோசிக்கலாம். இவனுக்குக் கையைக் கழுத்துல தொங்கவிடுற தூளி போதும்" என்றார். பெரியப்பா கட்டுப் பேச்சை எடுத்ததும், இறுக்கிக் கட்டினால் அக்குளில் நரம்பும் ரத்த ஓட்டமும் நசுங்கும் என்று பொறுமையாக விளக்கினார். முழங்கையையும் விரல்களையும் அன்றிலிருந்தே அசைக்க வேண்டும், ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது, சிகரெட் பிடித்தால் எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும் என்றும் சொன்னார்.

காசு எதுவும் கட்டவில்லை. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் உண்டு. ஊருக்கு வரும் நம்மவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மறுபடி எக்ஸ்ரே. முறிந்த இடத்தைச் சுற்றி மங்கலாகப் புது எலும்பு படரத் தொடங்கியிருந்தது. "மாமா, இங்க தொட்டுப் பாருங்க" என்றான். சட்டைக்குள் சின்னதாக ஒரு புடைப்பு.