பிட் பாதைக்கு எதிரே மூன்று இரவுகள்

"ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்தும், ஒரு கார் இன்னொரு காரை முந்துவதைப் பார்க்க முடியாத இடமா? வளைவுப் பக்கம் வாங்குங்கள் அத்தான்" என்று என் மனைவியின் தம்பி இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. 2025 அக்டோபர் 3 முதல் 5 வரை மரினா பேயில் நடந்த ஃபார்முலா 1 கார்ப் பந்தயமான சிங்கப்பூர் கிராண்ட் பிரிக்கு, கார்கள் டயர் மாற்ற வந்து நிற்கும் பிட் பாதைக்கு எதிரே உள்ள பிட் கிராண்ட்ஸ்டாண்டில் எனக்கும் மகளுக்குமாக இரண்டு டிக்கெட் வாங்கினேன். கொடுத்த பணத்துக்கு முழு நிறைவு கிடைத்தது. ஆனால் எல்லாருக்கும் ஏற்ற இருக்கை இது இல்லை. யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதில்லை என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

நான் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவன். ஒரு நிறுத்தத்தில் பேருந்து பத்து விநாடி கூடுதலாக நின்றால், பாதையின் கடைசியில் காத்திருப்பவருக்கு அது எத்தனை நிமிடமாகப் போய் விடியும் என்பதுதான் இருபது ஆண்டுகளாக என் அன்றாடக் கவலை. அதனால் பந்தயத்திலும் கார் ஓடும் நேரத்தைவிட அது நிற்கும் நேரம்தான் என்னை இழுக்கிறது. எப்போது நிறுத்துவது, நிறுத்தாமல் எத்தனை சுற்று தாங்குவது, இந்த இரண்டும்தான் பந்தயம் என்பது என் எண்ணம். அந்த முடிவை எடுக்க வைப்பது விதிப்புத்தகம். விதியில் ஒரு வரி மாறினாலும் ஓட்டுநர் ஓட்டும் விதமே மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைக் கண்ணெதிரே பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் பிட் பாதை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 2008. செப்டம்பர் 28, இதே மரினா பேயில் உலகின் முதல் ஃபார்முலா 1 இரவுப் பந்தயம். நண்பர்களோடு நின்றபடி பார்க்கும் பகுதியில் இருந்தேன். அந்தக் காலத்து வி8 எஞ்சின் கடந்துபோனால் நெஞ்சுக்கூடு அதிரும். ஆனால் என்ன நடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. 15ஆவது இடத்திலிருந்து கிளம்பிய ஃபெர்னாண்டோ அலோன்சோ எல்லாருக்கும் முன்னதாகவே பிட்டுக்குள் போய் வந்தார். சற்று நேரத்தில் அதே ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் சுவரில் மோதினார். விபத்து நேர்ந்தால் எல்லாக் கார்களையும் தன் பின்னால் மெதுவாக ஓடவைக்கும் பாதுகாப்பு கார் வந்தது. கடைசியில் வென்றவர் அலோன்சோ.

அப்போது இருந்த விதி இது: பாதுகாப்பு கார் வந்தவுடன் பிட் பாதை மூடப்படும், கார்கள் வரிசையாகச் சேர்ந்த பிறகுதான் திறக்கும். எரிபொருள் தீரும் நிலையில் இருந்தவர்கள் மூடிய பிட்டுக்குள் போய்த் தண்டனை வாங்கினார்கள். நிக்கோ ரோஸ்பெர்க் அப்படித் தண்டனை பெற்றும் இரண்டாவதாக வந்தார். முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஃபிலிப்பே மாசா, எரிபொருள் குழாய் கழலும் முன்பே கிளம்பி, குழாயை இழுத்துக்கொண்டே போனார். ஏற்கெனவே நிறுத்தி முடித்திருந்த அலோன்சோவுக்கு எல்லாம் கைகூடியது. பிக்கேயின் மோதல் அலோன்சோவுக்காக அணி சொல்லி வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று மறு ஆண்டு தெரியவந்தபோது எனக்குக் கோபம் வந்தது. இன்றும் தணியவில்லை. பிட்டை மூடும் விதி இல்லாவிட்டால் அந்தச் சதிக்கே அத்தனை பயன் இருந்திருக்காது. மறு ஆண்டே அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 2010இல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவதும் தடை செய்யப்பட்டது.

அந்தத் தடைதான் நான் பார்த்த மாற்றங்களில் பெரியது. அதற்கு முன், எதிராளி முதலில் பிட்டுக்குள் போகட்டும் என்று காத்திருப்பது நல்ல உத்தி. அவர் கனமான தொட்டியோடு வெளியே வருவார். நீங்கள் காலித் தொட்டியோடு இரண்டு மூன்று சுற்று பறந்து அவரைத் தாண்டிவிடலாம். தடைக்குப் பிறகு எல்லாருடைய எடையும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைகிறது. வேறுபாடு டயரில் மட்டும்தான். எனவே முதலில் போய்ப் புது டயர் மாட்டியவருக்கு ஆதாயம். விதியில் மாறியது எரிபொருள், தலைகீழானது நிறுத்தும் வரிசை. 2019இல் இங்கே செபாஸ்டியன் வெட்டல் வென்றது அப்படித்தான். முன்னால் ஓடிய சார்ல்ஸ் லெக்ளேருக்கு ஒரே ஒரு சுற்று முன்னதாகப் பிட்டுக்குள் போனார். லெக்ளேர் நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது, சொந்த அணியின் சகாவே அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

இருக்கைக்கு வருகிறேன். வழி எளிது. ஞாயிறு மாலை தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதையில் ஏறினோம். ரோச்சோர், பூகிஸ், அடுத்தது புரோமனாட். அங்கிருந்து நடை. நடைதான் கொஞ்சம் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

மேல் வரிசையாகப் பார்த்து எடுத்திருந்தேன். அது சரியான முடிவு. கீழ் வரிசைகளில் சற்று நேரம் நின்று பார்த்தேன். பாதுகாப்பு வலையும், அணித் தலைவர்கள் திரைகளோடு உட்கார்ந்திருக்கும் பிட் சுவரும் பாதிக் காட்சியை மறைக்கின்றன. மேலிருந்து பார்த்தால் ஓடுபாதை, சுவர், அதற்கப்பால் பிட் பாதை, திறந்த பணிக்கூடங்கள் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. டயர்களைப் போர்த்தியிருக்கும் சூடேற்றும் உறைகளின் நிறம்கூடத் தெரிந்தது.

ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு நேர் எதிரே ஓர் அணியின் ஆட்கள் திடீரென்று டயர்களோடு வெளியே ஓடி வந்து மண்டியிட்டார்கள். முன்பக்கம் தூக்கும் ஜாக்கைப் பிடித்தவர், கார் வந்து நிற்கப் போகும் அதே கோட்டில் நின்றார். கார் அவரை நோக்கியே வந்தது, நின்றது, எழுந்தது, நான்கு சக்கரமும் மாறின, இறங்கியது, போய்விட்டது. எங்கள் பேருந்தின் கதவு திறந்து மூடவே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். இன்னும் சில சுற்றுகள் கழித்து வேறோர் அணியும் அதே போல் வெளியே வந்து மண்டியிட்டது. ஆனால் அவர்களுடைய கார் பிட்டுக்குள் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. ஆட்கள் டயரைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பினார்கள். மனம் மாறியதா, அடுத்த அணியை ஏமாற்றியதா என்று நானும் மகளும் வெகுநேரம் பேசினோம். வளைவில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியே எங்களுக்குக் கிடைத்திருக்காது.

அந்த வாரம் பிட் பாதையிலேயே ஒரு விதி மாறியிருந்தது. சிங்கப்பூரில் பிட் பாதையின் வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டராக இருந்தது. 2025இல் அதை 80 ஆக்கினார்கள். கணக்கைப் பாருங்கள். 60இல் நூறு மீட்டர் கடக்க 6 விநாடி. 80இல் நான்கரை விநாடி. ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒன்றரை விநாடி மிச்சம். நிறுத்துவதற்கான விலை குறைந்தால் இரண்டு முறை நிறுத்த அணிகள் துணியும் என்பது எதிர்பார்ப்பு. என் தொழிலில் இருப்பவர்கள் யாரும் இப்படித்தான் யோசிப்பார்கள்.

ஆனால் அணிகள் அவ்வளவாகத் துணியவில்லை. முதலில் கிளம்பிய ஜார்ஜ் ரஸ்ஸல் நடுத்தர டயரில் தொடங்கினார். அருகில் நின்ற மாக்ஸ் வெர்ஸ்டாப்பன், வேகம் தந்தாலும் சீக்கிரம் தேய்ந்துபோகும் மென்மையான டயரில் தொடங்கி, ரஸ்ஸலுக்கு முன்பே நிறுத்தினார். இருவருக்கும் ஒரே நிறுத்தம்தான். மூன்றாவதாக வந்த லாண்டோ நாரிஸுக்கும் ஒன்றுதான். காரணம் இந்தப் பாதையின் இயல்பு. சுவர்களுக்கு நடுவே முந்துவது கடினம். ஒரு முறை கூடுதலாக நிறுத்தி இடத்தை இழந்தால், புது டயர் இருந்தும் முன்னால் போகிறவரின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஓட வேண்டும். மிச்சமாகும் விநாடிகள் அந்தப் பயத்தைப் போக்கப் போதவில்லை. மாற்றம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். பாதுகாப்பு கார் வரும் ஒரு மழை ஆண்டில் அதன் முழுப் பலன் தெரியும் என்றே நம்புகிறேன்.

விதி போட்டவர் ஒன்றை நினைக்க, ஓட்டுநர் வேறொன்றைக் கண்டுபிடிப்பதை இங்கே பலமுறை பார்த்தாயிற்று. 2023இல் கார்லோஸ் சைன்ஸ் செய்ததை நான் எங்கள் பணிமனையில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அப்போதிருந்த டிஆர்எஸ் விதிப்படி, முன்னால் போகும் காருக்கு ஒரு விநாடிக்குள் இருப்பவர் நேர்ப்பாதையில் பின் இறக்கையைத் திறந்து வேகம் பெறலாம். முந்துவதற்காகவே கொண்டுவந்த ஏற்பாடு. சைன்ஸோ வேண்டுமென்றே மெதுவாக ஓடி, பின்னால் வந்த நாரிஸை அந்த ஒரு விநாடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நேர்ப்பாதையில் நாரிஸின் இறக்கையும் திறந்ததால், புது டயரோடு துரத்திய ரஸ்ஸலும் ஹாமில்டனும் அவரைத் தாண்ட முடியவில்லை. கடைசிச் சுற்றில் ரஸ்ஸல் சுவரில் மோதினார். முந்துவதற்கான விதியை முந்தவிடாமல் தடுக்கப் பயன்படுத்திய மூளையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

2024இல் இன்னொன்று. பந்தயத்திலேயே மிக வேகமான சுற்றை ஓட்டியவருக்கு ஒரு கூடுதல் புள்ளி இருந்தது, முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் மட்டும். நாரிஸ் 20 விநாடிக்கும் மேல் முன்னிலையில் வென்றார். ஆனால் பின்வரிசையில் ஓடிய டேனியல் ரிக்கார்டோ கடைசி நேரத்தில் மென்மையான டயர் மாட்டி, வேகமான சுற்றைப் பறித்தார். 18ஆவதாக வந்தவருக்குப் புள்ளி கிடைக்காது. நாரிஸுக்கும் இல்லாமல் போனது. 2025 முதல் அந்தப் புள்ளியே இல்லை. எடுத்தது நல்லது. தனக்குப் பயனில்லாமல் பிறருடையதைக் கெடுக்க இடம் தரும் விதி இருக்கவே கூடாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முந்துதல்கள் பெரும்பாலும் திரையில்தான் தெரியும். நேர்ப்பாதையில் கார்கள் கோடு கிழித்ததுபோலப் போய்விடும்; ஓட்டுநரின் கை அசைவைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மெதுவான வளைவுக்கே போகவேண்டும். வெப்பம் கடுமை. ஃபார்முலா 1இல் முதல்முறையாக வெப்ப அபாயம் அறிவிக்கப்பட்டது இந்தப் பந்தயத்துக்குத்தான். குளிர்ந்த திரவம் ஓடும் உள்சட்டையை ஓட்டுநர்கள் அணியலாம் என்ற விதி அதனால் நடைமுறைக்கு வந்தது. பார்க்க வந்தவர்களுக்கு விசிறிதான். வழியில் ஒரு கடையில் வாங்கிய காது அடைப்பான் முதல் இரவே கிழிந்துபோனது. பார்மசியில் வாங்கி வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கும், இசை நிகழ்ச்சிக்காக வருபவர்களுக்கும் இந்த இருக்கை வேண்டாம். நடமாடிப் பார்க்கும் டிக்கெட்டே போதும், விலையும் குறைவு. டயர் மாற்றும் நேரத்தை நெஞ்சு படபடக்கப் பார்ப்பவர் என்றால், வேறு எங்கும் உட்காராதீர்கள்.

2026க்கு நான் இதையே எடுப்பேனா என்று மனைவியின் தம்பி மறுபடியும் கேட்டார். அக்டோபர் 9 முதல் 11 வரை, சிங்கப்பூரில் முதன்முறையாக ஸ்பிரிண்ட் பந்தயமும் உண்டு. சனிக்கிழமை நடக்கும் அந்தக் குறும்பந்தயத்தில் டயர் மாற்றும் கட்டாயம் இல்லை. எனவே அன்று பிட்டுக்கு எதிரே வேலை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பிரிண்ட் வாரத்தில் ஒரே ஒரு பயிற்சி ஓட்டம்தான். டயர் எத்தனை சுற்று தாங்கும் என்று சரியாகத் தெரியாமலே அணிகள் ஞாயிற்றுக்கிழமைக்குள் நுழையும். காரும் புதிது. டிஆர்எஸ் போய், நேர்ப்பாதையில் எல்லாருடைய இறக்கையும் திறக்கும். ஒரு விநாடிக்குள் இருப்பவருக்குக் கூடுதல் மின்சக்தி. அந்தச் சக்தியை எங்கே சேமிப்பது, எங்கே செலவழிப்பது என்பதை ஓட்டுநர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சைன்ஸின் பழைய வித்தை அப்படியே பலிக்காது. வேறு ஏதாவது ஒன்றை யாராவது கண்டுபிடிப்பார்கள்.

மகள் இந்த முறை ஒரு குறிப்பேட்டில் எங்கள் எதிரே நின்ற காரெல்லாம் எத்தனையாவது சுற்றில் வந்தது, எந்த நிற டயர் போட்டது என்று எழுதிக்கொண்டே இருந்தாள். நாற்பதாவது சுற்றுக்குள் வியர்வையில் பேனா மை பரவி, பாதிப் பக்கம் படிக்க முடியாமல் போனது. "அடுத்த ஆண்டு பென்சில் அப்பா" என்றாள்.