உள்நோக்கும் முழங்கால்: பதின்ம வயதில் பயிற்சியா, அறுவையா?

முழங்கால் உள்நோக்கி நிற்பதற்கு முக்கியக் காரணம் தொடையெலும்பின் முறுக்கு. பிறக்கும்போது தொடையெலும்பின் கழுத்துப் பகுதி ஏறக்குறைய 30 முதல் 40 டிகிரி முன்னோக்கி முறுகியிருக்கும். வளர வளர அது குறைந்து, பெரியவர்களிடம் 15 டிகிரி அளவில் நிற்கும். குறைவதில் பெரும்பகுதி 8–10 வயதுக்குள் முடிந்துவிடும். ஆகவே “வளந்தா சரியாயிடும்” என்பது பாலர் பள்ளிப் பிள்ளைக்குப் பொருந்தும். உயர்நிலை 2 படிக்கும், சுமார் 14 வயது மாணவிக்குப் பொருந்தாது. அந்த வயதில் இருப்பவை இரண்டே வழிகள்: தசைப் பயிற்சி அல்லது எலும்பை வெட்டித் திருப்புவது. விசேஷக் காலணி, இன்சோல், இரவுப் பட்டை எதுவும் எலும்பின் முறுக்கை மாற்றாது. அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

பாதத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. முழங்கால் சில்லைப் பாருங்கள். சில பிள்ளைகளுக்குத் தொடை உள்ளே முறுகியிருக்க, முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பு அதை ஈடுகட்டி வெளியே முறுகியிருக்கும். பாதம் நேராகவே போகும். சில்லுகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். நடை பார்க்க அழகாக இருந்தாலும் முன்முழங்கால் வலி வருவது இவர்களுக்குத்தான். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் உடல்தகுதித் தேர்வான நாஃபாவின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்திலோ, மாடிப்படி இறங்கும்போதோ அது தெரியவரும்.

சோதிக்க, பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து முழங்காலை 90 டிகிரி மடக்குங்கள். பாதம் வெளியே சாய்ந்தால் இடுப்பு மூட்டு உள்ளே சுழல்கிறது என்று பொருள். இதைத் தலைகீழாகக் குறித்துக்கொள்பவர்கள் நிறைய. உள்சுழற்சி 70 டிகிரியைத் தாண்டி, வெளிச்சுழற்சி 20க்குக் கீழே இருந்தால் தொடையெலும்பைச் சந்தேகிக்கலாம். பலதுறை மருந்தகப் பரிந்துரையோடு எலும்பு நிபுணரிடம் போனால் சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்து டிகிரி சொல்வார்கள். அளக்கும் முறைக்கு முறை 10 டிகிரிக்கு மேல்கூட வேறுபடும். ஓரிடத்து எண்ணை இன்னோரிடத்து எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

பயிற்சி எலும்பைத் திருப்பாது. நடக்கும்போது முழங்கால் உள்ளே சரிவதைக் குறைக்கும். முறுக்கு அதிகமாக இருந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு நெம்புகோல் நீளம் குறைகிறது; அதே வேலைக்கு அது அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் களைப்பு ஏற ஏற நடை மோசமாகிறது. பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்குவது, கண்ணாடிக்கு முன் ஒரு படியிலிருந்து மெதுவாக இறங்குவது ஆகிய இரண்டும் அடிப்படை. இறங்கும்போது சில்லு, இரண்டாம் கால்விரலின் நேர்கோட்டில் இருக்கவேண்டும். 10–12 முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள், மூன்று மாதம். “பாதத்தை வெளியே வச்சு நட” என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது: தொடை திரும்பாமல் கணைக்கால்தான் திருகும், முழங்கால் வலி கூடும். எலும்பே தடுக்கும் வெளிச்சுழற்சியை ஸ்ட்ரெச்சிங் செய்து கூட்டவும் முடியாது.

மூன்று மாதத்துக்குப் பிறகும் வலியும் தடுக்கி விழுவதும் குறையாமல், முறுக்கு 45–50 டிகிரிக்கு மேல் இருந்தால் அறுவையைப் பேசலாம். தோற்றத்துக்காக மட்டும் என்றால் என் பதில் வேண்டாம் என்பதே. எலும்பைக் குறுக்கே வெட்டி, வெட்டுக்கு மேலும் கீழும் செருகிய கம்பிகளுக்கு இடையிலான கோணத்தைப் பார்த்துத் திருப்பி, தகடோ ஆணியோ வைத்துப் பொருத்துவார்கள். தகடு என்றால் பல வாரம் ஊன்றுகோல். எலும்பின் உள்ளே செல்லும் ஆணி என்றால் தழும்பு சிறியது, பெரும்பாலும் சீக்கிரமே ஓரளவு எடை ஊன்றலாம். ஆனால் வளர்தட்டு (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி) மூடாத பிள்ளைக்கு ஆணியை, இடுப்பு மூட்டில் பொருந்தும் தொடையெலும்புப் பந்தின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்காதபடி வெளிப்பக்க நுழைவில் செலுத்தவேண்டும். எலும்பு கூட ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதால் நவம்பர், டிசம்பர் விடுமுறையின் தொடக்கம் தோது. கணைக்கால் வெளிமுறுக்கையும் முன்பே அளந்தார்களா என்று கேளுங்கள்; தொடையை மட்டும் திருத்தினால் பாதம் வெளியே திரும்பி, இரண்டாவது அறுவை தேவைப்படலாம்.

இவை உள்நோக்கும் நடைக்கு. பதின்ம வயதில், குறிப்பாக உடல் எடை கூடிய பிள்ளைக்கு, ஒரு கால் புதிதாக வெளியே திரும்பி, நொண்டலோடு இடுப்போ தொடையோ முழங்காலோ வலித்தால் அது வேறு சங்கதி: தொடையெலும்புப் பந்து வளர்தட்டில் வழுகியிருக்கலாம். பயிற்சியும் வேண்டாம், பரிந்துரைத் தேதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். காலை ஊன்றவிடாமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், முழங்காலோடு நிறுத்தாமல் இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.