நான்கு அங்குலம் உயர்த்திய ஜீப் டி.ஜே.: ஸ்லிப் யோக்கை நீக்கி ஏழு ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

கொலராடோவில் நான் ஓட்டிவரும் 2001ஆம் ஆண்டு ஜீப் ராங்ளர் டி.ஜே.யின் சஸ்பென்ஷனை நான்கு அங்குலம் உயர்த்தி, 33 அங்குல டயர் போட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சினின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸில், ஷாஃப்ட்டைப் பிணைக்கும் வழுக்கு கவையான ஸ்லிப் யோக்கை நீக்கும் ‘ஸ்லிப் யோக் எலிமினேட்டரை’ப் பொருத்தி, பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் பின் டிரைவ் ஷாஃப்ட்டையும் மாற்றி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இடைப்பட்ட அந்த ஓராண்டை நான் வீணாக்கினேன் என்றே இப்போது நினைக்கிறேன்.

1997 முதல் 2006 வரை வந்த டி.ஜே.யின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், 93.4 அங்குலம்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் எடுத்துக்கொண்ட இடம் போகப் பின் ஷாஃப்ட்டுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமே. வண்டியை உயர்த்தும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலே போகிறது, பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) இருந்த இடத்திலேயே நிற்கிறது. நீண்ட ஷாஃப்ட்டில் சிறு சாய்வாக முடிந்துவிடும் இந்த நான்கு அங்குலம், இவ்வளவு குட்டையான ஷாஃப்ட்டில் பெரிய கோணமாகிவிடுகிறது. ஷாஃப்ட்டின் முனையில் வளைந்துகொடுக்கும் இணைப்பான, நம் ஊர்ப் பட்டறைகளில் கிராஸ் என்று சொல்லப்படும் யூ-ஜாயிண்ட், கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி இருமுறை குறைகிறது. மறுமுனையில் உள்ள ஜாயிண்டும் அதே கோணத்தில் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஈடாகிவிடும். இல்லையென்றால் அது அதிர்வாக இருக்கைக்கு வந்து சேரும். என் வண்டியில் மணிக்கு 50 மைலைத் தொட்டதும் கியர் லீவர் கையில் நடுங்கத் தொடங்கியது. இதில் உள்ள என்.பி. 231 வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் பின் யோக் அவுட்புட் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கி முன்னும் பின்னும் நகரும் அமைப்பு இருப்பதால், ஆக்ஸில் தொங்கும் இடங்களில் அந்த யோக் வெளியே இழுபட்டுப் பிடிமானமும் குறைகிறது.

மலிவான வழி என்று முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாழ்த்தும் ஸ்பேஸர்களைப் போட்டேன். அதிர்வு பெருமளவு அடங்கியது உண்மைதான். ஆனால் டி.ஜே.யில் கியர்பாக்ஸைத் தாங்குவதே அடிக்காப்புத் தகடு என்பதால், ஒரு அங்குலம் தாழ்த்தினால் வண்டியின் வயிறே ஒரு அங்குலம் இறங்கிவிடுகிறது. யூட்டாவின் மோவாப் பாறைகளில் அந்தத் தகடு தட்டி நின்ற ஒவ்வொரு முறையும், பணம் கொடுத்து வாங்கிய உயரத்தில் கால் பங்கை நானே திருப்பிக் கொடுத்துவிட்டது உறைத்தது. டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் வண்டியின் உடலிலும் கேஸ் கீழேயும் இருப்பதால் இணைப்புக் கம்பியின் அளவு மாறி, செங்குத்தான ஏற்றம் ஒன்றில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஏறுவதற்கான கியர்) சரியாக விழாமல் நழுவியது. அன்றைக்கே இந்த முறையைக் கைவிட முடிவு செய்தேன்.

ஸ்லிப் யோக் எலிமினேட்டர் என்பது டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்து, பழைய அவுட்புட் ஷாஃப்ட்டை எடுத்துவிட்டுக் குட்டையான, தடித்த புதிய ஷாஃப்ட்டையும் நகராத யோக்கையும் வைப்பது. பழைய ஷாஃப்ட்டையே அறுத்து, துளையிட்டு மரை போடும் மலிவான வகையும் உண்டு. பிரிக்கும் வேலையைச் செய்யத் துணிந்தவர் முழு ஷாஃப்ட்டையும் மாற்றிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. டிரான்ஸ்ஃபர் கேஸின் வால் பகுதி சுருங்குவதால் டிரைவ் ஷாஃப்ட்டுக்குச் சில அங்குலம் கூடுதல் நீளம் கிடைக்கிறது. அதன் மேல்முனையில் இரண்டு ஜாயிண்டுகள் அடுத்தடுத்து அமைந்த டபுள் கார்டன் வருகிறது.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். வேலையைச் செய்த பட்டறை ஷாஃப்ட்டை மாட்டியதோடு நிறுத்திக்கொண்டது. அதிர்வு முன்பைவிடக் கூடியது. டபுள் கார்டனின் இரண்டு ஜாயிண்டுகளும் தமக்குள்ளேயே ஈடாகிவிடுவதால், கீழ்முனையில் உள்ள ஒற்றை ஜாயிண்டில் கோணம் ஏறத்தாழ இல்லாமலே இருக்க வேண்டும். அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸிலின் பல்சக்கர முனையான பினியன் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்க வேண்டும். ஆக்ஸிலை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும், நீளம் மாற்றக்கூடிய மேல் கண்ட்ரோல் ஆர்ம்களை வாங்கி, அவற்றைச் சிறிது சிறிதாக நீட்டி, கோணமானியை வைத்துப் பினியனை மேல்நோக்கித் திருப்பினேன். இழுவையின்போது பினியன் தானாகவே சற்று மேலெழும் என்பதால் ஒரு டிகிரி கீழே விட்டேன். அன்று மாலை நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் வண்டி அமைதியாகச் சென்றபோது அடைந்த நிம்மதி இன்றும் நினைவிருக்கிறது. பினியன் மேலெழுந்தால் அதன் முன் பேரிங்குக்கு எண்ணெய் எட்டுவது குறையும் என்பதால், டிஃபரன்ஷியலில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக எண்ணெய் விடுகிறேன்.

ஏழு ஆண்டுகளில், ஏறத்தாழ 50,000 மைலில், புதிய ஷாஃப்ட்டில் மாற்றியது கீழ்முனை கிராஸ் ஒன்று மட்டுமே. டபுள் கார்டனின் நடுவே உள்ள மையக் குண்டுக்கு ஊசிமுனை கொண்டு கிரீஸ் விட வேண்டும்; அந்த முனை எட்டும் நிலைக்கு ஷாஃப்ட்டைத் திருப்பிக்கொள்ளப் பொறுமை தேவை. எஞ்சின் ஆயில் மாற்றும்போதும், ஆழமான ஓடையைக் கடந்து வந்த பிறகும் தவறாமல் இதைச் செய்கிறேன். இன்னொரு நன்மையை கொலராடோவின் 13,114 அடி உயர இமோஜீன் கணவாய்க்குப் போன பயணத்தில் கண்டேன்: அந்த கிராஸ் உடைந்தபோது பின் ஷாஃப்ட்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, முன் சக்கரங்களின் இழுவையிலேயே ஊருக்கு இறங்கினோம். பழைய அமைப்பில் அப்படிக் கழற்றியிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் அந்த வழியே கொட்டியிருக்கும்.

முன் ஷாஃப்ட் இன்னும் தொழிற்சாலையில் இருந்து வந்ததுதான். டி.ஜே.யின் முன் ஆக்ஸிலைத் துண்டிக்கும் வசதி இல்லாததால் இரு சக்கர இயக்கத்திலும் அந்த ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கிறது. அங்கே பினியனை மேலே திருப்பினால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் அலைபாயும் என்பதால் இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையில் நிறுத்தியிருக்கிறேன். அதன் டபுள் கார்டனுக்கு கிரீஸ் விட வழியில்லை. சென்ற குளிர்காலத்தில் இருந்து மெல்லிய கீச்சொலி கேட்கிறது. ஓடும் வேகத்தில் அது உடைந்தால் விசிறியடிக்கும் ஷாஃப்ட் கியர்பாக்ஸையே பிளக்கக்கூடும் என்பதால், பனி உருகி மலைப்பாதைகள் திறப்பதற்குள் கிரீஸ் விடக்கூடிய ஷாஃப்ட்டாக அதையும் மாற்ற ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.