குடும்ப வரலாறு தேட: இலவச மையமா, கட்டண ஆய்வாளரா?

முன்னோரைத் தேடக் கிளம்பி நடுவில் முட்டி நின்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஃபேமிலிசெர்ச் என்ற குடும்ப வரலாற்று அமைப்பின் மையங்களில் உதவும் தன்னார்வலர்கள். 1894-இல் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்த இந்த அமைப்பு, 1938 முதல் பல நாட்டுப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் (பக்கங்களைச் சிறிதாக்கிப் பதிக்கும் படச்சுருளில்) பிடித்து, 2021-இல் அந்தச் சேகரிப்பை டிஜிட்டலாக்கி முடித்தது. உதவி இலவசம். சில பதிவுகள் வீட்டுக் கணினியில் திறக்காது, மையத்தில் மட்டும் திறக்கும், அதற்காகவே ஒரு நடை போகலாம். ஆனால் அங்கிருப்பவருக்கு உங்கள் முன்னோரின் ஊரைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மற்றது, அந்த ஊர்ப்பக்கமே இருக்கும் கட்டண ஆய்வாளர். காப்பகத்தில் எந்தக் கட்டு எங்கே, இன்னும் ஸ்கேன் ஆகாத நிலப்பதிவு எது, எல்லை மாறியதில் பழைய ஏடுகள் எந்த அலுவலகத்துக்குப் போயின, இதெல்லாம் நல்ல ஆய்வாளருக்கு அத்துப்படி. பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் காசு, ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும் (இங்கேதான் பலர் முகம் சுளிப்பார்கள், தேடிய உழைப்பு உழைப்புதானே).

நான் முதலில் இலவசத்தையே சொல்வேன். பெயர், ஆண்டு, ஊர் மூன்றும் கைக்கு வந்த அப்புறம் ஒரே ஒரு கேள்வியோடு ஆய்வாளரிடம் போங்கள். "எல்லாத்தையும் தேடிக் கொடுங்க" என்று சொன்னால் பில் எகிறிவிடும்.