திருகோணமலையில் வாசிக்க: பொது நூலகமா, ‘நூலகம்’ என்ற இணையத்தளமா?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பொது நூலகம்தான் என் தெரிவு. வீட்டில் டிவி ஒருபக்கம், விருந்தாளிகள் ஒருபக்கம். நூலகத்தில் ஒரு மேசை கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. நூலகங்களில் புத்தகங்களைப் பாடவாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அந்த எண் ஒட்டிய புத்தகங்களுக்கு முன்னால் நின்றால், தேடி வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வருவோம். இணையத்தில் அது அவ்வளவாக நடக்காது.

பழைய ஈழத்து இதழ், கோயில் மலர், அச்சில் இல்லாத நூல் என்றால் கதை வேறு. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் அப்படியானவை ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. பிந்தினால் தண்டப்பணமும் இல்லை. போனில் எழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசிப்பதுதான் கரைச்சல். கணினி இருந்தால் சரி.

சின்னப் பிள்ளைகளுக்கா? யோசிக்கவே வேண்டாம், பொது நூலகத்துக்கே கூட்டிப் போங்கள்.